மூக்குக்கும் கண்ணுக்கும் தப்பும் ஆபத்துகள்: வீட்டைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.சி.பி (அதிகக் கரண்ட் பாய்ந்தால் தானாக விழும் மெயின் போர்டு சுவிட்ச்) இருக்கிறது, கரண்ட் அடிக்காது. டி.டி.எஸ் மீட்டர் 80 காட்டுகிறது, தண்ணீர் சுத்தம். ஜன்னல் திறந்திருக்கிறது, கசிந்த கேஸ் தானாக வெளியே போய்விடும். ஓதம் பிடித்த சுவருக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, இனி கவலையில்லை. இந்த நான்கும் பல வீடுகளில் அன்றாடம் கேட்கிற பேச்சு. நான்குமே தவறு. பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி நாம் திரும்பிப் பார்க்காத இடங்கள் இவை. சோதனையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எதை முதலில் பார்ப்பது என்பதற்கு ஒரே கணக்கு: எவ்வளவு நேரத்தில் ஆளைச் சாய்க்கும்? நிமிடங்களில் கொல்லும் கேஸும் மின்சாரமும் முதலில். நாட்கணக்கில் நோய் தரும் தண்ணீரும் கொசுவும் அடுத்து. வருடக்கணக்கில் உடம்பை அரிக்கும் புகை, ஓதம், ஈயம் கடைசியில். தேவையான சாமான்கள் அதிகமில்லை. பாத்திரம் கழுவும் லிக்விட், டெஸ்டர், டார்ச், சமையலறைத் தராசு, நைலான் பிரஷ், ஒரு பாலிதீன் தாள், செல்லோ டேப். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் பாதி வீட்டை முடித்துவிடலாம்.

சமையல் கேஸ்

எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பாமல் தரையோடு படர்ந்து, மேடைக்கு அடியிலும் அலமாரியின் கீழ்த்தட்டிலும் தேங்கும். அதனால்தான் உயரத்தில் இருக்கும் ஜன்னல் திறந்திருந்தும் பயனில்லாமல் போகிறது. சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடி வைத்திருந்தால், அந்தக் கதவின் அடியிலும் மேலேயும் காற்றுத் துளைகள் வேண்டும். சமையலறைக் கதவின் அடியில் இடைவெளி இருப்பதும் நல்லது. சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையில், அடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்.

கசிவைப் பார்க்கும் முறை: அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் லிக்விட் கலந்துகொள்ளுங்கள். அடுப்பின் திருகுகளை மூடிவிட்டு ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். ரெகுலேட்டர் வால்வில் உட்காரும் இடம், டியூபின் இரண்டு முனைகள், அடுப்புக்குப் பின்னால் டியூப் மாட்டும் குழல், திருகுகளின் அடிப்பகுதி என ஒவ்வோர் இடத்திலும் தடவி அரை நிமிடம் பாருங்கள். குமிழி பெருத்துக்கொண்டே வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

டியூப் கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா வகையாக, ஐ.எஸ்.ஐ முத்திரையோடு இருக்கட்டும். அதன் ஆயுள் ஐந்து வருடம். தேதி டியூபின் மேலேயே அச்சாகியிருக்கும். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரில் துளை போட்டு அதன் வழியாக இழுக்கவும் கூடாது. துளைக்குள் இருக்கும் பகுதியை எலி கடித்தாலும் கண்ணில் படாது. சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் இருக்கும் எண், வருடம். அது அந்தச் சிலிண்டருக்கு அடுத்த சோதனை செய்ய வேண்டிய கெடு. கெடு முடிந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

வாசனை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட. சுவிட்சுக்குள் எழும் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரோடு வந்த மூடியை வால்வில் போடுங்கள். கதவுகளைத் திறந்து எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்த பிறகு, வெளியிலிருந்து கேஸ் கசிவு அவசர உதவி எண்ணான 1906-க்குப் பேசுங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம். சமையலறையிலேயே ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது அதன் உள்ளே இருக்கும் ரிலே சுவிட்சிலும் பொறி உண்டு. நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் தீப்பிடிக்க அது ஒரு காரணமாகலாம். அதனால் வாசனை வந்த சமையலறைக்குள் நின்று காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கேஸ் கீசர்: கட்டாயம் இன்றே பார்க்க வேண்டியது

சமையல் கேஸுக்காவது வாசனை சேர்த்திருக்கிறார்கள். எரிந்து முடிந்த பிறகு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரிச்சலும் இல்லை. மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசர் எரியும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். சுடர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். முதலில் லேசான தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு கால்கள் துவண்டுவிடும். தாழ்ப்பாளைத் திறக்கக்கூட முடியாமல் விழுந்துவிடுவார்கள்.

சரியான தீர்வு, கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த பால்கனியிலோ சர்வீஸ் பகுதியிலோ மாட்டிச் சுடுதண்ணீரைக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவதுதான். உடனே மாற்ற முடியாதவர்கள் அதுவரைக்கும் இப்படிச் செய்யலாம்: கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு பக்கெட்டுகளில் தண்ணீர் பிடியுங்கள். கீசரை அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து உள்ளே போய்க் குளியுங்கள். கீசர் எரிந்துகொண்டிருக்கும்போது கதவைச் சாத்திக் குளிக்கவே கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று தைரியம் கொள்ளவும் வேண்டாம். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் அந்த ஃபேன், புகைக்குழாய் வழியாக வெளியே போக வேண்டிய புகையைத் திரும்ப உள்ளே இழுத்துவிடலாம். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, சுற்றிலும் கரி படிந்திருந்தாலோ சர்வீஸ் முடியும்வரை கீசரைப் பயன்படுத்த வேண்டாம். சுடர் நீலமாக இருப்பதால் மட்டும் மூடிய அறை பாதுகாப்பாகிவிடாது.

குளிக்கப் போனவர் வழக்கத்தைவிட நேரமாகியும் வரவில்லை, குரலும் இல்லை என்றால் கதவை உடைத்துத் திறங்கள். அவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வந்து 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் முதல் வார்த்தையாக "கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று சொல்லுங்கள். இது மிகவும் முக்கியம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரால் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பிரித்துக் காட்ட முடியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் அதில் 98 என்று வரலாம்.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அறைக்குள் வைக்கும் கரி அடுப்புக்கும், மூடிய அறையில் விட்டுவிட்டுத் தூங்கும் சாம்பிராணிக் கரிக்கும், போர்டிகோவில் ஓட்டும் ஜெனரேட்டருக்கும் இதே விதிதான்.

மின்சாரம்: எம்.சி.பி உங்களைக் காப்பாற்றாது

எம்.சி.பி ஒயரைக் காப்பதற்காக வைத்தது. 16 ஆம்பியர் எம்.சி.பி, 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். மனித உடம்புக்கு 30 மில்லி ஆம்பியரே உயிராபத்து. அதாவது, எம்.சி.பி விழுவதற்குத் தேவையான கரண்டில் ஐந்நூறில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. உங்கள் உடம்பு வழியாக அது பாய்ந்துகொண்டிருந்தாலும் எம்.சி.பி-க்குத் தெரியவே தெரியாது. அதைக் கண்டுபிடித்து நொடியின் சிறு பகுதிக்குள் லைனை அறுப்பது ஆர்.சி.சி.பி. மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். 30 எம்.ஏ (மில்லி ஆம்பியர்) என்று அச்சடித்து, 'டி' என்ற எழுத்தோ 'டெஸ்ட்' என்ற சொல்லோ போட்ட சிறு பட்டன் உள்ள அகலமான சுவிட்ச் இருக்கிறதா? 100 எம்.ஏ, 300 எம்.ஏ என்றிருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க உதவும். ஆளைக் காப்பாற்ற 30 வேண்டும்.

பட்டன் இருந்தால் மாதம் ஒரு முறை அழுத்துங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் ஆர்.சி.சி.பி பழுது, மாற்றியாக வேண்டும். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பட்டன் வேலை செய்கிறது என்பதால் எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் ஒயர்) சரியாக இருக்கிறது என்று ஆகாது. அடுத்து, இன்வெர்ட்டர் லைன் பல வீடுகளில் ஆர்.சி.சி.பி-க்கு வெளியே ஓடுகிறது. இன்வெர்ட்டரில் ஓடும் ஃபேனும் லைட்டும் உங்கள் வீட்டில் எந்தப் பாதுகாப்பின் கீழ் வருகின்றன என்று ஒயர்மேனிடம் கேட்டு, இல்லை என்றால் அந்த லைனுக்குத் தனி ஆர்.சி.சி.பி போடச் சொல்லுங்கள்.

எர்த் சோதனையை ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். பழைய முறை ஒன்று இன்றும் நன்றாகப் பயன்படுகிறது: 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் எரிய விட்டுப் பார்ப்பது, பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில். இரண்டாவதில் மங்கினால் எர்த் பலவீனம், எரியவே இல்லை என்றால் எர்த் இல்லை. ஆர்.சி.சி.பி உள்ள லைனில் இரண்டாவது சோதனையின்போது அது விழுந்துவிடும். எர்த் வழி ஓரளவு இருப்பதற்கு அதுவே அடையாளம். நீங்களாகச் செய்யக்கூடியது, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் இரும்புப் பகுதியில், பெயின்ட் இல்லாத ஒரு திருகில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது. லேசாக எரிந்தாலும் எர்த் போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் போர்டில் சொருகுவதும், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து "எர்த் குடுத்தாச்சு" என்று சொல்வதும் நடக்கிறது. இரண்டாவது இன்னும் மோசம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்துவிடும்.

ஆர்.சி.சி.பி அடிக்கடி விழுகிறது என்று அதை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. எல்லா எம்.சி.பி-யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி-யை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு எம்.சி.பி-யாக ஏற்றி வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகளைக் கழற்றி மறுபடி பாருங்கள். கீசர் காயில், தண்ணீர் மோட்டார், மழை இறங்கும் வெளி விளக்கு ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

துணி காயப்போடும் கொடி இரும்புக் கம்பியாக இருந்தால் இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் ஒயர் உரசி அந்தக் கம்பியில் கரண்ட் இறங்கினால், ஈரத்துணியோடு கை வைப்பவருக்குத் தப்ப வழியில்லை.

பாட்டில்களும் பொடிகளும்

பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். "ரெண்டையும் போட்டாத்தான் பளிச்சுனு இருக்கும்" என்று மூடிய கழிவறைக்குள் குனிந்து தேய்ப்பவர் மூச்சுக்குழல் வெந்துபோகும். ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றது. இடையில் நிறையத் தண்ணீர்.

மண்ணெண்ணெய், தின்னர், ஆசிட் ஆகியவற்றைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. திரும்ப மேலே வரும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போகும், ஆசிட் உணவுக்குழாயை இரண்டாவது முறை சுடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. உள்ளே போன முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரியும், பிறகு கல்லீரல் கெடும். எலிக்குப் பொறி வையுங்கள்.

சம்ப், டேங்க், குடிதண்ணீர்

டி.டி.எஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பை மட்டும் அளக்கும். சாக்கடை கலந்த தண்ணீரிலும் 80 காட்டலாம். விட்டுவிட்டு வரும் குழாய்த் தண்ணீரில்தான் இந்தக் கலப்பு அதிகம் நேர்கிறது. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும், விரிசல் வழியாக வெளியே இருக்கும் கழிவுநீர் உள்ளே உறிஞ்சப்படும். மெயின் குழாயில் நேராக மோட்டார் போட்டு இழுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அந்த மோட்டார் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. தண்ணீர் வந்த முதல் சில நிமிடங்களில் வருவதைச் செடிக்கு விட்டுவிட்டுப் பிறகு சம்புக்குத் திருப்புங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கழுவும் முறை:

1. தண்ணீர் வரும் வழியை அடைத்து, ஒரு சாண் மிஞ்சும்வரை பயன்படுத்திவிடுங்கள்.
2. சுவர், அடித்தளம், மூடியின் உட்புறம் ஆகியவற்றை நைலான் பிரஷால் தேயுங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் கம்பி பிரஷ் போட்டால் கீறல் விழுந்து அதில் பாசி குடியேறும்.
3. வண்டலை அடி வால்வு வழியாக வெளியேற்றுங்கள். வீட்டுக் குழாய்களைத் திறந்து வெளியேற்றினால் வண்டல் குழாய்களில் அடைக்கும்.
4. தொட்டியை நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடரைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள்.
5. ஒவ்வொரு குழாயையும் பிளீச்சிங் வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள். இரவு முழுக்க அப்படியே விடுங்கள். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
6. காலையில் முழுவதையும் வெளியேற்றி, வாசனை போகும்வரை அலசுங்கள்.

அதன்பிறகு அன்றாடத் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் போதும். இதே மாதிரி தெளியவைத்து ஊற்றி அரைமணி நேரம் விட வேண்டும். பவுடர் கட்டி தட்டி, காரமான வாசனை இல்லாமல் இருந்தால் அதில் குளோரின் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்புதான் கரையும்.

சம்புக்குள் இறங்குவது விளையாட்டல்ல. மூடியே கிடந்த சம்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். பல மணி நேரம் திறந்து வைத்து, மோட்டாரின் மெயினை அணைத்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கக் கூடாது. மூன்று உயிர் போவது அப்படித்தான். செப்டிக் டேங்கில் எவரையும் இறக்கக் கூடாது. ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. கழிவை உறிஞ்சும் லாரியை அழையுங்கள்.

போர்வெல் தண்ணீருக்கு வேறு கணக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி ஏறும். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடுகள் தெரிந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்க வேண்டும். வீட்டு பாட்டிலில் பிடித்தால் முடிவு செல்லாது.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால்

ஃபிரிட்ஜை அணைத்து, சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்து டார்ச் அடியுங்கள். கம்ப்ரசருக்கு மேலே ஓர் உள்ளங்கை அகலத் தட்டு இருக்கும். இளஞ்சூடான தண்ணீர், மேலே தூசிப் படலம், அதற்குக் கீழே அரிசி நீளம்கூட இல்லாத புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் சுருண்டு சுருண்டு அடியில் இறங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் பண்ணை அது.

ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச்சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் புழு சாகும், முட்டை ஒட்டியபடியே மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த மழையில் மட்டம் உயர்ந்து நனைந்ததும் பொரியும். தினமும் தண்ணீர் மாற்றியும் கொசு தீரவில்லை என்று புலம்பும் வீடுகளின் ரகசியம் இதுதான். கொட்டினால் போதாது, தேங்காய் நாரால் பக்கச்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில் செய்யுங்கள்.

தேட வேண்டிய மற்ற இடங்கள்: மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, பயன்படுத்தாத கழிவறைக் கோப்பை, புழக்கடையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, மொட்டை மாடியில் தார்ப்பாயின் மடிப்பு, மேல் தொட்டியின் ஓவர்ஃபுளோ குழாய். கடைசியதற்கு நைலான் வலை கட்டுங்கள். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாய்க்கும் அப்படியே. அங்கிருந்து வருபவை இரவில் கடிக்கும் வேறு கொசுக்கள்.

கொசுவத்தியை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். ஒரு கொசுவத்தி எரிந்து முடிக்கும்போது, 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாக 2003-இல் வெளியான ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. கதவைச் சாத்திக் குழந்தையின் தலைமாட்டில் அதை ஏற்றுகிறோம். ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும், ஏடிஸ் கடிப்பது பகலில்.

ஓதம், பழைய பெயின்ட், சிமென்ட் ஷீட்

ஓதம் பிடித்த சுவரில் பூக்கும் பூசணம் இளைப்பு, தும்மல் உள்ளவர்களுக்குத் தொல்லை. மேலே பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்குத் தாங்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: ஒரு முழம் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குளியலறைக் குழாய், மாடித் தள விரிசல், அடித்தளம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தாளின் வெளிப்புறம் வியர்த்தால் அறைக்குள் ஈரக்காற்று அதிகம். உள்ளே துணி காயப்போடுவதை நிறுத்திக் காற்றோட்டம் கொடுத்தால் போதும். ஓட்டையை அடைத்து, சுவர் முழுதாகக் காய்ந்த பிறகுதான் பூச்சு.

வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஆயில் பெயின்ட், குறிப்பாக ஜன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் உள்ள பச்சை, மஞ்சள், சிவப்பு, ஈயம் கலந்ததாக இருக்கலாம். செதில் செதிலாக உரியும் அந்தப் பெயின்ட் தரையில் விழுந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள், நெருப்பால் பொசுக்கவும் விடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, கீழே விரித்த பாலிதீனோடு சுருட்டி எடுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் (சிமென்ட் ஷீட்) கூரை உடையாமல் இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. துளை போடும்போதும், அறுக்கும்போதும், பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கும். நுரையீரலுக்குள் போன நார் வெளியே வராது. புற்றுநோய் பல பத்தாண்டு கழித்துத் தலைகாட்டும். மாற்றும்போது நன்றாக நனைத்து, உடைக்காமல், ஆணியைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளைக் கொண்டு கோழிக்கூடு கட்டுவதும் பாதைப் பள்ளத்தை நிரப்புவதும் வேண்டாம். நனைத்து, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் என்று மேலே எழுதி வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.